கம்பெனி சாப்பிடவில்லை

சம்மனசுபுரத்தில் யாருக்கும் யாருக்கும் பேச்சு, யாருக்கும் யாருக்கும் பகை என்று தெரிய வேண்டுமானால் பந்தியைப் பார்த்தால் போதும். மனத்தாங்கல் இருப்பவன் கல்யாணத்துக்கு வருவான், மாப்பிள்ளையின் கையைக் குலுக்குவான், போட்டோவுக்கும் நிற்பான். இலையில் மட்டும் உட்கார மாட்டான். ஒரு வீட்டில் கை நனைத்துவிட்டால் அந்த வீட்டோடு இருந்த வழக்கு அன்றோடு தீர்ந்தது என்று அர்த்தம். வலையை அறுத்தவனும் அறுபட்டவனும் ஒரே சட்டிக் குழம்பை ஊற்றிச் சாப்பிட்டு எழுந்துவிட்டால், பிறகு அந்தப் பேச்சை எடுக்கிறவனைத்தான் ஊர் முறைக்கும். போலீஸ் ஸ்டேஷனும் கோர்ட்டும் தூத்துக்குடியில் தாராளமாக இருக்கின்றன. அங்கே அலைய வேண்டாம் என்றுதான் எங்கள் கடற்கரையில் இப்படி ஒரு ஏற்பாடு.

இதை முதலிலேயே சொல்லிவிடக் காரணம் உண்டு. மெட்டில்டா ஒரு பப்ளிக் லிமிடெட் கம்பெனிக்கு டைரக்டர் ஆனாள். அவள் ஆனதும் கெட்டதும் இந்தச் சாப்பாட்டில்தான்.

அலையரசி டெர்மினல்ஸ் லிமிடெட் என்பது கம்பெனியின் பெயர். துறைமுகத்துக்கு எண்ணெயும் அமிலமும் ஏற்றி வரும் டேங்கர்களைக் கழுவிக் கொடுப்பது தொழில். கழுவின தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டால் 'நிர்ணயிக்கப்பட்ட வழியில்' என்று பதில் வரும். நிர்ணயிக்கப்பட்ட வழி என்பது ஒரு குழாய். சம்மனசுபுரத்து ஓடை கடலில் சேருகிற இடத்தில் அது வாயைத் திறந்துகொண்டு நின்றது. ஊர் வள்ளங்கள் நண்டு வலை போடுவதும் அந்த ஓடை முகத்தில்தான். இரண்டு வருஷமாக அங்கே நுரை மிதந்தது. வலை வழவழவென்று வந்தது. வியாபாரி நண்டை எடுத்து மோந்து பார்த்துவிட்டு, காப்பியோடு வைத்த மேரி பிஸ்கட்டை வேண்டாமென்று திருப்பிக் கொடுக்கிற மாதிரி மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தான்.

மெட்டில்டாவின் புருஷன் ரோச்சும் அங்கே வலை போடுகிறவன். ஒரே மகள் அனுஜா. அடுத்த வருஷம் கோயிலில் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்க வேண்டிய வயது. மெட்டில்டாவுக்கு நல்ல தொண்டை. ஏலக்கூடத்தில் அவள் விலை சொன்னால் கலங்கரை விளக்கம் வரை கேட்கும் என்பார்கள். அந்தத் தொண்டையை நம்பித்தான் ஊர்ப் பெண்கள் கம்பெனி கேட்டுக்கு எதிரே பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். டேங்கர் உள்ளே போக முடியவில்லை. கழுவாத டேங்கர்கள் ரோட்டில் வரிசையாக நின்றன.

அந்த நேரம் பார்த்து, ஐரோப்பாவில் ஏதோ ஒரு நாட்டு வாத்தியார்களின் பென்ஷன் பணத்தை நிர்வகிக்கும் ஒரு நிதியம், அந்தப் பணத்தை இனிமேல் பாவம் செய்யாத கம்பெனிகளில் மட்டும் போடுவது என்று தீர்மானித்திருந்தது. பொறுப்பான முதலீடு என்று அதற்குப் பெயர். சுற்றுச்சூழலுக்கு ஒரு மதிப்பெண், சமூகத்துக்கு ஒரு மதிப்பெண், நிர்வாகத்துக்கு ஒரு மதிப்பெண். அலையரசி முதல் இரண்டிலும் தேறுகிற மாதிரி இல்லை. ஆனால் நிர்வாகத்தில் நல்ல மார்க் வாங்கினால் மற்ற இரண்டும் தானாக ஏறிவிடும் என்று ஆலோசகர்கள் சொன்னார்கள்.

ஒரு சாயங்காலம் சேர்மன் வெள்ளத்துரையே மெட்டில்டா வீட்டுக்கு வந்தார். சாத்தான்குளத்துக்காரர். அவருடைய அப்பா காலத்தில் பலசரக்குக் கடை. இவர் காலத்தில் கடையின் மேல் கம்பெனி ஏறிவிட்டது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பைக்குள் கறுப்பில் ஒரு போன்.

“ஏம்மா, கேட்டுக்கு வெளிய நின்னு கத்துததுல தொண்டைதான் போவுது. உள்ள வந்து கத்தேன்” என்றார்.

“உள்ள விட மாட்டேங்குதியளே அண்ணாச்சி.”

“சும்மா வந்தா விட மாட்டான். டைரக்டரா வந்தா வாட்ச்மேன் சல்யூட் அடிச்சு விடுவான். போர்டுல ஒரு பொம்பளை வேணும்ங்காவ. உள்ளூர் ஆளு ஒண்ணு வேணும்ங்காவ. கம்பெனியோட ஒட்டும் உறவும் இல்லாம சுயாதீனமா ஒரு ஆளு வேணும்ங்காவ. மூணு பேரைப் போட்டா மூணு நாற்காலி போடணும். நீ ஒருத்தியே மூணுக்கும் ஆச்சு.”

“எனக்குக் கம்பெனியப் பத்தி ஒண்ணும் தெரியாதே.”

“அதுதாம்மா சுயாதீனம்.”

மெட்டில்டா குசினிக்குள் போய்க் காப்பி கொண்டுவந்தாள். தனக்குச் சுகர் இருப்பதாக அவர் சொன்னார். சீனி போடாமல் தருகிறேன் என்றாள். பிரஷரும் இருப்பதாகச் சொன்னார். வாசலில் நின்ற ஊர்த் தலைவர் ரெக்சன் இதைக் கவனித்துவிட்டு, சேர்மன் போன பிறகு சொன்னார்:

“சாத்தான்குளத்து ஆளு. மொற தெரிஞ்சவரு. தகராறு தீருத முன்ன பச்சத்தண்ணி தொட மாட்டாரு. இப்படிப்பட்ட ஆளுகிட்டதான் பேச முடியும். நீ போ ஏளா. உள்ள நமக்கு ஒரு ஆளு இருந்தா நல்லதுதான.”

ஊர் கூடிப் பேசி அவளை அனுப்பியது. மாதா சிலை இருக்கும் கெபி முன்னால் நின்று, அடுத்த நண்டு சீசனுக்குள் அந்தக் குழாயை ஓடை முகத்திலிருந்து எடுக்க வைப்பேன் என்று மெட்டில்டா எல்லோருக்கும் வாக்குக் கொடுத்தாள். ஊரில் ஒரு பெண் இவ்வளவு பெரிய வாக்கைத் தனியாகக் கொடுத்தது அதுவே முதல் தடவை.

*

போர்டு கூட்டம் நடக்கிற இடத்துக்கு முத்து மண்டபம் என்று பெயர். முத்துக் குளிப்பது நின்று எத்தனையோ காலமாகிவிட்டது. ஆனாலும் இந்தப் பக்கம் ஏ.சி. போட்ட எந்த அறைக்கும் வேறு பெயர் வைக்க யாருக்கும் மனசு வருவதில்லை. வாட்ச்மேன் உண்மையிலேயே சல்யூட் அடித்தான். மறியலின்போது கேட்டில் அவள் சேலையைப் பிடித்து இழுத்துத் தள்ளியவனும் அவன்தான்.

கம்பெனி செகரட்டரி செந்தில்முருகன் அவளை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, முதலில் ஒரு வீடியோ போட்டுக் காட்டினார். சுயாதீன இயக்குநர் பயப்படாமல் கேள்வி கேட்க வேண்டும் என்று அதில் ஒரு பெண் சிரித்தபடி சொன்னாள். பிறகு எல்லோரும் எழுந்து நின்று நன்னெறி உறுதிமொழி எடுத்தார்கள். பிறகு தணிக்கைக் கமிட்டி, நியமனக் கமிட்டி, இடர் மேலாண்மைக் கமிட்டி, நிலைத்தன்மைக் கமிட்டி, பங்குதாரர் உறவுக் கமிட்டி எல்லாம் தாங்கள் ஒழுங்காகக் கூடியதாக அறிக்கை படித்தன. கமிட்டிகள் ஒழுங்காகக் கூடுகின்றனவா என்று பார்க்கிற கமிட்டி, ஆமாம் என்று சொன்னது. எல்லாக் கமிட்டியிலும் அதே ஆறு பேர்தான் இருந்தார்கள். நாற்காலிகூட மாறி உட்காரவில்லை.

நிதியத்தின் பிரதிநிதியும் வந்திருந்தார். மும்பைக்காரர். பெயரை அவர் இரண்டு தடவை சொன்னார், மெட்டில்டாவுக்குப் பிடிபடவில்லை. மேசையில் அவர் முன்னால் 'ஃபண்டு' என்று எழுதியிருந்ததால் அவர் பெயர் ஃபண்டு என்றே வைத்துக்கொண்டாள். பின்னால் ஊரும் அப்படியே கூப்பிட்டது. அவரும் கோபித்துக்கொள்ளவில்லை.

திரையில் கட்டம் கட்டமாக ஒரு படம் வந்தது. எல்லாம் இங்கிலீஷ். இடர்: சம்மனசுபுரம் மகளிர் மறியல். நடவடிக்கை: மறியல் தலைவியை இயக்குநராக நியமித்தல். நிலை: முடிந்தது. அந்தக் கட்டம் முழுக்கப் பச்சையடித்திருந்தது.

“பச்சைன்னா என்ன தம்பி?” என்று மெட்டில்டா செந்தில்முருகனைக் கேட்டாள்.

“நல்லதுன்னு அர்த்தம் மேடம்.”

மெட்டில்டாவுக்குச் சந்தோஷமாக இருந்தது.

அடுத்து வந்த படத்தில் புள்ளிகள். கம்பெனிக்கு எந்தெந்த விஷயம் எவ்வளவு முக்கியம் என்பதை அந்தப் புள்ளிகள் காட்டும் என்றார்கள். முக்கியமானது மேலே, வலது பக்கம். நுரை எங்கே என்று மெட்டில்டா கேட்டாள். செந்தில்முருகன் சிவப்பு விளக்கடித்துத் தேடி, கீழே இடது மூலையில் அதைக் கண்டுபிடித்தார். அதற்கும் கீழே ஆபீஸ் காகிதக் கப் பிரச்சினை ஒன்றுதான் இருந்தது.

“இது கீழ இருக்குன்னு யாரு சொன்னா?”

“சர்வே எடுத்தோம் மேடம். சம்பந்தப்பட்ட எல்லாத் தரப்பையும் கேட்டோம்.”

“எங்க ஊர்ல யாரையும் கேக்கலையே.”

“ஈமெயில்ல கேட்டோம் மேடம். உங்க ஊர்ல இருந்து ஒரு பதிலும் வரல. பதில் வரலைன்னா ஆட்சேபம் இல்லைன்னு எடுத்துக்கிடணும்னு விதி இருக்கு.”

மெட்டில்டா ஃபண்டுவைப் பார்த்து நேராகக் கேட்டாள். ஐயா ஒரு நடை வந்து அந்தக் குழாயைப் பார்க்கக் கூடாதா? செந்தில்முருகன் மொழிபெயர்த்தார். ஃபண்டு கேள்வியை மிகவும் ரசித்தார். கையைக் கோத்துக்கொண்டு நிதானமாகப் பதில் சொன்னார். செந்தில்முருகன் அதை ஒரு சொல் விடாமல் தமிழில் தந்தார்:

“குழாயைப் பார்ப்பது எங்கள் வேலை இல்லை. குழாயைப் பார்ப்பதற்கு ஒரு கமிட்டி இருக்கிறதா என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. கமிட்டி இருக்கிறது. அதில் ஒரு பெண் இருக்கிறார். அவர் கேள்வி கேட்கிறார். நான் எத்தனையோ நாட்டில் எத்தனையோ போர்டு பார்த்திருக்கிறேன். இவ்வளவு ஆரோக்கியமான ஒன்றைப் பார்த்ததில்லை.”

எல்லோரும் கை தட்டினார்கள். எதற்கு என்று தெரியாமல் மெட்டில்டாவும் தட்டினாள்.

*

இரண்டு மூன்று கூட்டம் இப்படியே போனது. குழாய் என்று அவள் ஆரம்பித்தால், நல்ல கேள்வி மேடம் என்பார்கள். நல்ல கேள்விகளை எல்லாம் சேர்த்து அடுத்த கூட்டத்துக்குத் தள்ளினார்கள். ஊரில் ரெக்சன், “என்ன ஏளா ஆச்சு?” என்று கேட்க ஆரம்பித்தார். பந்தலில் உட்கார்ந்த பெண்கள் இவளுக்காகத்தான் இன்னும் உட்கார்ந்திருந்தார்கள்.

கடைசியில் மெட்டில்டா தனக்குத் தெரிந்த ஒரே வழிக்கு வந்தாள். கூட்டத்தில் எழுந்து சொன்னாள்:

“பேசினது போதும். போர்டு மொத்தமும் எங்க ஊருக்கு வந்து, எங்க வீட்ல ஒரு வேளை சாப்பிடணும்.”

ஃபண்டு துள்ளிக் குதித்தார். சமூகத்தோடு ஈடுபாடு என்று அவர்கள் மதிப்பெண் முறையில் ஒரு கட்டமே இருக்கிறதாம். இந்தியாவில் யாரும் அதை நிரப்பியதில்லையாம். மற்ற டைரக்டர்கள் நண்டா, இறாலா என்று விசாரித்தார்கள். வெள்ளத்துரை மட்டும் பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். அவளை ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு, “சரி, வாரோம்” என்றார்.

அன்று சம்மனசுபுரம் திருவிழா மாதிரி இருந்தது. ஓடை முகத்து நண்டு நாறும் என்பதால் ரோச் வடக்கே வெகுதூரம் போய் நல்ல நண்டாகப் பிடித்து வந்தான். தெருவுக்கு நாலு பெண்கள் சேர்ந்து சமைத்தார்கள். முற்றத்தில் பாய் விரித்து இலை போட்டாயிற்று. ஃபண்டு சப்பணம் போட்டு உட்காரத் தெரியாமல் ஒருக்களித்து உட்கார்ந்து, நண்டை ஓட்டோடு கடித்தார். அவரைப் பார்த்துச் சிரித்தார்களே தவிர யாரும் அவரைக் கணக்கில் எடுக்கவில்லை. வெளியூர்க்காரருக்கு என்ன தெரியும்? ஊர் மொத்தமும் வெள்ளத்துரையின் வலது கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

அவர் இலைக்கு முன்னால் உட்கார்ந்தார். சோறு விழுந்தது, குழம்பு விழுந்தது. ரோச்சிடம் காற்று எந்தப் பக்கம் என்று விசாரித்தார். சட்டைக் கையை மடித்தார். மடித்ததை இறக்கினார். திரும்பவும் மடித்தார். ரெக்சன் தூணைப் பிடித்துக்கொண்டு மூச்சுவிடாமல் நின்றார். பிறகு வெள்ளத்துரை சோற்றைப் பிசைந்து வாயில் வைத்தார்.

“கொழம்பு நல்லா இருக்கும்மா” என்றார். இரண்டாவது தடவையும் வாங்கிக்கொண்டார்.

மெட்டில்டா குசினிக்குள் போய்ச் சேலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வாக்கைக் காப்பாற்றிவிட்டாள்.

“சேர்மனே கை நனைச்சாச்சு. இனி என்னலே?” என்றார் ரெக்சன். மறுநாளே கம்பெனி கேட்டுக்கு எதிரே இருந்த பந்தலைப் பிரித்தார்கள். யாரும் பிரிக்கச் சொல்லவில்லை. சாப்பிட்டு எழுந்த பிறகு பந்தல் இருந்தால் அது ஊருக்குத்தான் அசிங்கம். பெண்கள் வீட்டில் உட்கார்ந்து, ஓடை முகத்தில் போடுவதற்கு நண்டு வலைகளைச் சரி பண்ணினார்கள். டேங்கர்கள் உள்ளே போயின.

*

அடுத்த கூட்டத்தில் குழாய் விஷயம் கடைசியாக வந்தே விட்டது. நிகழ்ச்சி நிரலில் அதற்கு ஒரு இடம் கொடுத்திருந்தார்கள். மெட்டில்டா கோயிலுக்குக் கட்டுகிற பட்டுச்சேலையில் வந்திருந்தாள். செந்தில்முருகன் தொண்டையைச் செருமினார்.

“மேடம், இந்த அயிட்டத்துக்கு மட்டும் நீங்க கொஞ்சம் வெளிய இருக்கணும்.”

“எதுக்கு?”

“குழாய் உங்க ஊர்ல இருக்கு. உங்க வீட்டுக்காரரு அங்க வலை போடுதாரு. இதுல உங்களுக்குச் சொந்த லாப நஷ்டம் இருக்கு. சம்பந்தப்பட்ட டைரக்டர் அந்த விவாதத்துல உக்காரக் கூடாது. அதுதான் நல்ல நிர்வாகம்.”

“இதுக்குத்தானய்யா நான் வந்ததே!”

“அதனாலதான் மேடம் வெளிய இருக்கச் சொல்லுதோம்.”

“சேர்மனுக்குச் சம்பந்தம் இல்லையா? கம்பெனியே அவருதுதான?”

“கம்பெனி அவரோடது இல்ல மேடம். கம்பெனி கம்பெனியோடது. சேர்மன் வெறும் பங்குதாரர்.”

ஃபண்டு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கு உண்மையிலேயே கண் கலங்கியிருந்தது. ஒரு இயக்குநர் தன் சொந்த ஊருக்காகக்கூட விதியை வளைக்காமல் எழுந்து வெளியே போவதை இந்த நாட்டில் பார்க்கக் கொடுத்து வைத்தேன் என்றார். மெட்டில்டா எழுந்திருக்கவில்லை. இரண்டு பேர் மிகுந்த மரியாதையோடு அவள் நாற்காலியைப் பின்னால் இழுத்துக் கொடுத்தார்கள்.

வெளியே தண்ணீர் கேன் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது. அதில் உட்கார்ந்தாள். வாட்ச்மேன் வந்து ஒரு சல்யூட் அடித்துவிட்டுப் போனான். கதவு வழியாகப் பேச்சு கேட்கவில்லை. நடுவில் ஒரு தடவை சிரிப்புச் சத்தம் கேட்டது. உள்ளே பிரியாணி எடுத்துப் போனார்கள். அப்போதும் அவளுக்கு நம்பிக்கை இருந்தது. கை நனைத்த மனிதர், எப்படி மாற்றிப் பேசுவார்?

கூப்பிட்டார்கள். ஒருமனதாக முடிவெடுத்திருப்பதாகச் செந்தில்முருகன் அறிவித்தார். பழைய குழாயை எடுத்துவிடுகிறார்கள். மெட்டில்டா கையெடுத்துக் கும்பிட்டாள். கும்பிட்ட கை இறங்குவதற்குள், அதே இடத்தில் அதைவிட அகலமான குழாய் வருகிறது என்றார். பச்சைப் பெயின்ட் அடித்தது. சமூகத்தின் முழு நல்லெண்ணத்தோடு. நல்லெண்ணத்துக்குச் சாட்சியாகத் திரையில் ஒரு படம் வந்தது. மெட்டில்டா வீட்டு முற்றம். வெள்ளத்துரை பிசைந்த கையோடு சிரிக்கிறார். அவள் அவர் இலையில் குழம்பு ஊற்றிக்கொண்டிருக்கிறாள்.

கூட்டம் முடிந்து எல்லோரும் எழுந்தபோது அவள் வெள்ளத்துரையை வழிமறித்தாள்.

“அண்ணாச்சி. அந்த மும்பைக்காரருக்குத் தெரியாது. இவுகளுக்கும் தெரியாது. உங்களுக்குத் தெரியுமே.”

“என்னதும்மா?”

“எங்க வீட்ல சாப்பிட்டியளே.”

வெள்ளத்துரை அவளை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார். கோபம் இல்லை. சின்னப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிற பொறுமையோடு பேசினார்.

“தெரியும்மா. தெரியாம என்ன. அன்னைக்கு எல முன்னால நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நான் உனக்கு ஒண்ணு சொல்லுதேன், கேட்டுக்கோ. சட்டப்படி கம்பெனிங்கிறது தனி ஆளு. நான் செத்தாலும் அது சாவாது. அதுக்குப் பேரு உண்டு, வங்கிக் கணக்கு உண்டு, கேஸு போடலாம். வாய் மட்டும் கிடையாது. உங்க வீட்ல சாப்பிட்டது வெள்ளத்துரை. வெள்ளத்துரைக்கும் உங்க ஊருக்கும் இனி ஒரு பகையும் இல்ல. சாகுத வரைக்கும் இல்ல. ஆனா கம்பெனி சாப்பிடலம்மா.”

“அப்போ கம்பெனிகிட்ட யாரு பேசுதது?”

“போர்டுதாம்மா பேசணும். நீயும் போர்டுலதான இருக்க.”

சாப்பாட்டு மேசையில் பிரியாணி வைத்திருந்தார்கள். மெட்டில்டாவுக்கும் ஒரு பிளேட் வந்தது. அவள் எல்லோருக்கும் நடுவில் உட்கார்ந்து, பிளேட்டைப் பார்த்தபடி, கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். கடைசி ஆள் கை கழுவுகிற வரை அப்படியே இருந்தாள். எங்கள் கடற்கரையில் இதற்கு மேல் ஒரு ஏச்சு கிடையாது. வெள்ளத்துரை பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோனார். செந்தில்முருகன், மேடத்துக்குப் பிரியாணி ஒத்துக்கொள்ளவில்லை, அடுத்த கூட்டத்திலிருந்து தயிர்சாதம் ஏற்பாடு செய்யவும் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

நான் விலகுகிறேன் என்று செந்தில்முருகனிடம் அவள் சொன்னாள். தாராளமாக விலகலாம், ஆனால் சொந்தக் காரணம் என்று சொல்லித்தான் விலக வேண்டும், வேறு காரணம் சொன்னால் நிர்வாக மதிப்பெண் குறையும் என்றார். எனக்குச் சொந்தக் காரணம் ஒன்றும் இல்லையே என்றாள். அப்படியானால் விலக முடியாது, மேடம் என்றார்.

*

குழாய் லாரியில் வந்தது. ஊர் ஓடிப்போய் மறித்தது. செந்தில்முருகன் ஜீப்பில் நின்று மைக்கில் சொன்னார்: இது யாரோ எங்கேயோ எடுத்த முடிவல்ல, உங்கள் பிரதிநிதி உறுப்பினராக இருக்கும் போர்டு ஒருமனதாக எடுத்த முடிவு.

எல்லோரும் மெட்டில்டாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“நான் உள்ள இல்ல. என்னை வெளிய உக்கார வச்சிட்டாவ” என்றாள்.

“டைரக்டரை வெளிய உக்கார வச்சாவளா?” என்றார் ரெக்சன்.

“ஆமா. தண்ணிக் கேன் பக்கத்துல.”

“எதுக்கு?”

“நம்ம ஊரு விஷயம்ங்கதால.”

ரெக்சன் கெட்ட மனிதர் இல்லை. நம்புவதற்கு அவரால் முடிந்த மட்டும் பார்த்தார். “கதை சொல்லுததுக்கும் ஒரு அளவு வேணும் ஏளா” என்று சொல்லிவிட்டுப் போனார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நல்ல நிர்வாகம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று சம்மனசுபுரத்தில் யாருக்குத் தெரியும்? அவள் பொய் சொல்லியிருந்தால்கூட இதைவிட நம்புகிற மாதிரி ஒன்றைச் சொல்லியிருப்பாள்.

போலீஸ் வந்தது. பந்தல் இல்லாத இடத்தில் ஊரால் ஒரு நாளுக்கு மேல் நிற்க முடியவில்லை. பச்சைக் குழாய் ஓடை முகத்தில் இறங்கியது. அந்த நண்டு சீசனுக்கு நுரை வள்ளத்தின் முன்மூக்கு, அந்த அணியம் வரைக்கும் ஏறியது. அலையரசிக்குச் சென்னையில் ஒரு நட்சத்திர ஹோட்டலில் நல்லாட்சி விருது கொடுத்தார்கள். அந்த மேடையில் மெட்டில்டாவின் படம் காட்டப்பட்டது.

*

அனுஜா புதுநன்மை வாங்கினாள். வெள்ளைக் கவுன், தலையில் வெள்ளை நெட்டு முக்காடு, கையில் மெழுகுவர்த்தி. பூசை முடிந்து வீட்டு முன்னால் பந்தல். எத்தனை கஷ்டத்திலும் புதுநன்மைச் சாப்பாட்டை யாரும் குறைப்பதில்லை. ரோச் கடல் வறண்டு கிடந்தபோதும் எங்கெங்கோ அலைந்து எல்லாம் கொண்டுவந்திருந்தான். தெருவுக்கெல்லாம் மணத்தது.

ஊர் வந்தது. ஒருவர் பாக்கியில்லாமல் வந்தார்கள். அனுஜாவின் நெற்றியில் சிலுவை போட்டார்கள், கன்னத்தைக் கிள்ளினார்கள், செபமாலை கொடுத்தார்கள். பிறகு பந்தலுக்கு வெளியே போய் நின்றார்கள். ரெக்சனின் கையைப் பிடித்து ரோச் உள்ளே இழுத்தான்.

“உக்காருங்க மாமா. பிள்ளைக்காவ ஒரு வாய்.”

“வயித்துக்குச் சொகமில்ல மாப்பிள” என்றார் ரெக்சன். யாருக்குமே அன்று வயிற்றுக்குச் சுகமில்லை. இலைகள் வரிசையாகக் கிடந்தன. காற்றில் பறக்காமலிருக்க ஒவ்வொன்றின் மேலும் தண்ணீர் டம்ளர் வைத்திருந்தாள் மெட்டில்டா. அவள் யாரையும் கூப்பிடவில்லை.

அப்போது கார் வந்து நின்றது. வெள்ளத்துரை, ஃபண்டு, செந்தில்முருகன், பின்னால் ஒரு போட்டோகிராபர். போர்டு உறுப்பினரின் குடும்ப நிகழ்ச்சி ஒன்றையும் தவறவிடக் கூடாது என்று புதிதாக ஒரு கொள்கை வகுத்திருக்கிறார்களாம். நேராக வந்து இலையில் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தவருக்குப் போடாமல் இருக்கிற வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. மெட்டில்டா பரிமாறினாள். இந்தத் தடவை வெள்ளத்துரை சட்டைக் கையை ஒரே தடவையில் மடித்துவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார்.

போட்டோகிராபர் கேமராவில் பார்த்துவிட்டுக் கூட்டம் இல்லை என்று குறைப்பட்டான். பந்தலுக்கு வெளியே நின்ற ஊர்க்காரர்களைப் பார்த்து, அப்படியே கொஞ்சம் நெருங்கி நில்லுங்கள் என்றான். ஏதோ சடங்கு என்று அவர்களும் நெருங்கி நின்றார்கள். படம் நன்றாக வந்தது.

மெட்டில்டா குழம்புச் சட்டியோடு வெள்ளத்துரைக்கு எதிரே நின்றாள்.

“அண்ணாச்சி. இப்போ சாப்பிடுதது யாரு? நீங்களா, கம்பெனியா?”

வெள்ளத்துரை ஃபண்டுவைப் பார்த்தார், போட்டோகிராபரைப் பார்த்தார். “இன்னைக்குக் கம்பெனி சார்பாத்தாம்மா வந்திருக்கேன்” என்றார்.

மெட்டில்டா திரும்பினாள். ஏலக்கூடத்துத் தொண்டை ஒரு வருஷத்துக்குப் பிறகு திறந்தது.

“ரெக்சன் மாமா! எல்லாரும் கேட்டுக்கிடுங்க. கம்பெனியே சாப்பிடுது. கம்பெனி எங்க வீட்ல கை நனைச்சாச்சு. இனி அந்தக் குழாயை எடுக்காம போவ முடியாது!”

பந்தலுக்கு வெளியே ஒரு சலசலப்பு. ரெக்சன் ஒரு அடி முன்னால் வந்தார். வெள்ளத்துரை அவசரப்படவில்லை. வாயில் இருந்ததை மென்று முழுங்கினார்.

“நியாயமான பேச்சு. அடுத்த போர்டுல கண்டிப்பா வைப்போம்” என்றார். “ஆனா ஒண்ணும்மா. சோறு போட்டதும் நீ, குழாயை எடுக்கச் சொல்லுததும் நீ. ரெட்டைச் சம்பந்தம் ஆயிருச்சு. அந்த அயிட்டம் வரும்போது நீ வெளியதான் இருக்கணும்.”

செந்தில்முருகன் ஆமோதித்துத் தலையாட்டினார். ஃபண்டு இதையும் மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டு, எவ்வளவு கறாராக இருக்கிறீர்கள் என்று வியந்தார்.

முன்னால் வந்த ரெக்சன் அப்படியே நின்றுவிட்டார். அன்று ரோட்டில் அவள் சொன்னது கதை இல்லை என்று அவருக்கு இப்போது தெரிந்திருக்க வேண்டும். மெட்டில்டா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார். கம்பெனி உட்கார்ந்து சாப்பிட்ட பந்தியில் அவரும் கை நனைத்தால் கம்பெனியோடு இருக்கிற வழக்கும் தீர்ந்ததாகிவிடும், அதன் பிறகு அவர் எப்படி உட்காருவார்? ஒவ்வொருவராகப் போனார்கள். பிறகு காரும் போனது.

பந்தலில் காலி இலைகள் மட்டும் கிடந்தன. ரோச் அண்டாவை மூடி வைத்துவிட்டுக் கடற்கரைப் பக்கம் போனான். காலையிலிருந்து நன்மை வாங்குவதற்காக வெறும் வயிற்றோடு இருந்த அனுஜா, கவுன் அழுக்காகாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு அம்மாவிடம் வந்தாள்.

“எம்மா, யாருமே சாப்பிடலையே. நான் சாப்பிடலாமா?”

மெட்டில்டா ஒரு இலையைக் கழுவிப் போட்டு, மகளை உட்கார வைத்துச் சோறு வைத்தாள். பிள்ளைக்கு நல்ல பசி. குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டாள். உள்ளே இருந்து பார்த்துக்கொண்டிருக்க மெட்டில்டாவால் முடியவில்லை. பந்தலைத் தாண்டிப் போய், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு வெளியே உட்கார்ந்தாள். அது அவளுக்குப் பழகியிருந்தது.